பிரவுனிக்கும் உண்டு பதம்

பாகுக்குப் பதம் உண்டு, அல்வாவுக்குப் பதம் உண்டு. அமெரிக்கப் பண்டமான பிரவுனிக்கும் பதம் உண்டு என்பதை, இரண்டு தட்டு பிரவுனியைச் செங்கல்லாக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதுவும், ஓவனைத் தொட்டே அறியாத என் அம்மா சொல்லி!

அப்பா காலமான பின் அம்மா எங்களோடு தில்லிக்கு வந்துவிட்டார். கும்பகோணத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கிளறிய கை அது. இங்கே வந்ததும், "உங்க அடுப்பெல்லாம் எனக்குப் பழக்கமில்லை" என்று சமையலறைப் பக்கமே வராமல் ஒதுங்கிவிட்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரவுனிக்கு வருவோம். பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர், 1906-ல் வெளிவந்த தம் நூலின் பதிப்பிலேயே சாக்லேட்டும் அக்ரூட்டும் சேர்த்த பிரவுனிக்குச் செய்முறை தந்திருக்கிறார். இது பஞ்சு போன்ற கேக் அல்ல. மைதா குறைவு, வெண்ணெயும் சாக்லேட்டும் அதிகம், பேக்கிங் பவுடர் கிடையாது. ஆகவேதான் மெத்தென்று வாயில் ஒட்டுகிறது.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு: வெண்ணெய் 115 கிராம், இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 2, மைதா 65 கிராம், அக்ரூட் 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வெனிலா எசென்ஸ்.

நமக்குக் காஷ்மீர் அக்ரூட் கிடைப்பது பெரிய வசதி. வாங்குமுன் ஒன்றை மென்று பாருங்கள். பழையதானால் காறல் அடிக்கும். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் உடைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு பாத்திரம் வைத்து வெண்ணெயையும் சாக்லேட்டையும் உருக்குங்கள். சர்க்கரையைக் கலந்து, வெதுவெதுப்பானதும் முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேருங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். எசென்ஸ், உப்பு, மைதா சேர்த்து, மாவின் வெள்ளை மறைந்ததும் கிளறுவதை நிறுத்துங்கள். கடைசியில் அக்ரூட். வெண்ணெய்த் தாள் விரித்த தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரியில் வையுங்கள்.

நான் தவறியது இதற்குப் பிறகுதான். கேக்குக்குப் போல, குத்திய கத்தி சுத்தமாக வரும்வரை காத்திருந்தேன். மூன்றாம் முறை இருபத்து மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். கூடத்திலிருந்து அம்மாவின் குரல்:

"எறக்கிடுடி, வாசனை வந்தாச்சு."

"நடுவுல இன்னும் வேகலையேம்மா!"

"மைசூர்பாகு தட்டுல கொட்டறப்போ கெட்டியாவா இருக்கு? மிச்சத்தைச் சூடு பாத்துக்கும்."

எடுத்துவிட்டேன். குச்சியில் ஈரத் துகள்கள் ஒட்டியிருந்தன. ஆனால் தட்டின் சூட்டிலேயே மீதி வெந்து, இரண்டு மணி நேரத்தில் இறுகிவிட்டது. வெட்டினால் மேலே மெல்லிய ஏடு, உள்ளே குழைவு. ஓவனுக்கு ஓவன் நேரம் மாறும். இருபதாவது நிமிஷத்திலிருந்தே குச்சியால் பாருங்கள். மாவாக ஒட்டக்கூடாது; ஈரத் துகளாக ஒட்டலாம்.

அம்மா முட்டை சேர்த்ததைத் தொடமாட்டார். ஆனாலும் இப்போது நான் ஓவனை மூட்டினால் முக்காலி போட்டு அருகே உட்காருகிறார். போன வாரம், "அந்த அக்ரூட்டுல ஒரு பர்பி கிளறலாமே" என்று வாணலியைக் கேட்டார்.

மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டேன்.