உங்களுக்குத் தெரியுமா? தைலம் தண்ணீரில் கரையாது!

வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுத் தரை துடைத்தால் வீடே மணக்கும். ஆனால் அந்தச் சொட்டுகள் நீரில் கரைவதில்லை. மேலே மிதந்து, தரையில் அங்கங்கே திட்டாகப் படியும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தரகர் வேண்டும். ஊறவைத்துக் கசக்கிய பூந்திக்கொட்டை நீர் போதும். அதிலுள்ள சபோனின் எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரில் பரப்பிவிடும். தைலத்தை முதலில் அதில் நன்றாக அடித்துக் கலக்கி, பிறகு வாளியில் ஊற்றுங்கள்.

தைலத்தின் உண்மையான கைவரிசை பசையில்தான் தெரியும். புது எவர்சில்வர் டப்பாவில் விலைச்சீட்டை உரித்தபின் பிசுபிசுக்கும் கோந்தை, பஞ்சில் தொட்ட இரண்டு சொட்டு கரைத்துவிடும். தைலத்தில் பெரும்பங்காக உள்ள சினியோல் நல்ல கரைப்பான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் லிமோனீனும் அப்படியே. பாலிஷ் போட்ட மரத்திலும் சிலவகை பிளாஸ்டிக்கிலும் மட்டும் தேய்க்காதீர்கள். பளபளப்பும் சேர்ந்து போய்விடும்!

தைலத்தால் அடுப்பங்கரை மேடையைத் துடைப்பதானால் அடுப்பை அணைத்துவிட்டுத் துடையுங்கள். சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே இதன் ஆவி தீப்பற்றும். இயற்கைப் பொருள்தானே என்று புட்டியைக் குழந்தைக்கு எட்டும்படி வைப்பதும் கூடாது. சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். பூனை வளர்க்கும் வீடுகளில் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம்.