அச்சுக்கோத்த கை

புலமை கல்லூரியிற் பிறப்பது என்று எண்ணும் பழக்கம் தமிழாசிரியராகிய எம்மிடம் உண்டு. அவ்வெண்ணத்தை அசைப்பது சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம் அவர்களின் வாழ்வு.

1906 இல் சென்னை ஆயிரம் விளக்கில் வறிய குடும்பமொன்றிற் பிறந்த அவர், மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீங்கினார். நெசவு செய்தார், பின்னர் வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அச்சுக்கோப்பவரானார். இடவலம் மாறித் தோன்றும் ஈயவெழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குவது அத்தொழில். பிறர் எழுத்தைக் கோத்தவர் நாளடைவில் தாமும் எழுதலானார்.

1942 ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறைப்பட்டார். 1946 இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்தார். சென்னை மாநகராட்சி மன்றத்திலும் இடம்பெற்றார். 1953 இல் ஆந்திர மாநிலம் உருவாகுங்கால், சென்னை நகர் யாருக்கு என்னும் வழக்கு மூண்டது. செங்கல்வராயன் மேயராயிருந்த மாநகராட்சி, நகரம் தமிழர்க்கே உரியதெனத் தீர்மானித்தது. அக்கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர் ம. பொ. சி. சென்னை தமிழரிடமே நிலைத்தது.

வேங்கடமும் குமரியும் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லைகள் என்று வகுப்பறையில் உரை சொல்லி அமைகின்றோம். அவரோ அவ்வெல்லைகளையே அரசியற் கோரிக்கையாக்கினார். திருப்பதி கிடைத்திலது, ஆயினும் 1960 இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 1967 இல் தியாகராய நகரிலிருந்து சட்டமன்றம் புகுந்தார். பின்னாளில் சட்ட மேலவைத் தலைவராய், 1986 இல் அம்மேலவை நீக்கப்படும்வரை வீற்றிருந்தார். இவற்றுக்கிடையே, ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்னும் நூலுக்கு 1966 இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார். 1995 இல் மறைந்தார்.

அவர் அரசியல் நிலைகள் அனைத்தும் எல்லார்க்கும் உடன்பாடல்ல. நமக்குரிய வினா வேறு. வெள்ளவத்தையில் நம் மாணவர் சிலப்பதிகாரத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்கின்றனர். கொட்டாஞ்சேனையிலோ, குடும்பச் சுமையாற் பள்ளியை இடையில் விட்டுக் கடைகளிலும் அச்சகங்களிலும் உழைக்கும் இளைஞர் உளர். நம் இலக்கிய மன்றங்கள் அவர்களை அழைப்பதில்லை. கூட்டங்களும் அவர்கள் வேலை முடியுமுன்னரே முடிந்துவிடுகின்றன.

தகுதித்தாள் கேளாது ஒரு காவியத்தை முதலிலிருந்து இறுதிவரை படித்துக்காட்டும் வகுப்பொன்றை, இரவு எட்டு மணிக்கேனும் தொடங்குதல் கூடாதா? சிலம்பைக் கற்பிக்கும் நாம், அடுத்த சிலம்புச் செல்வரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்தல் அறமன்று.