மூன்று குண்டு சொல்லும் பொய் தெரியுமா?

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கு உரிய வட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பால்பாயின்ட் பேனாவால் அட்டையை ஒரு முறை தொட்டு எடுத்தால் விழுகிற புள்ளி, அவ்வளவுதான். அதைச் சுடுகிற பெல்லட்டின் குறுக்களவோ 4.5 மி.மீ. இலக்கைவிடக் குண்டு ஒன்பது மடங்கு அகலம்! பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும். அதோடு விட்டார்களா? அந்தப் பத்துக்கு உள்ளேயே 10.0-இல் தொடங்கி 10.9 வரை படிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 10.9 வேண்டுமென்றால் பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மி.மீ.க்குள் இறங்கியாக வேண்டும். அதுவும் நின்றபடி, எதன்மேலும் சாயாமல், ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள துப்பாக்கியைக் கையில் ஏந்திக்கொண்டு!

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் எடுத்தது 630.7. சராசரி 10.51. ஒவ்வொரு குண்டும் மையத்திலிருந்து சராசரியாக 1.1 மி.மீ. அளவுக்குத்தான் விலகியிருக்கிறது என்று அர்த்தம்! 2019-லேயே ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். பாரிஸில் அவருக்கு எந்த இடம் கிடைத்தது தெரியுமா? பத்தாவது! இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டே பேர். ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுட்டவருக்கு அங்கே இடமில்லை. உடன் சென்ற ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக உள்ளே போனார். இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி. அறுபது குண்டுகளையும் சேர்த்து!

இந்த விளையாட்டில் ஒற்றைக் குண்டுக்கு மதிப்பே இல்லை. எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். அப்படி விழுந்த ஓட்டைக் கூட்டத்துக்குத்தான் ஷூட்டர்கள் ‘குரூப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் குரூப்புக்குள் ஒளிந்திருக்கிற கணக்கு இருக்கிறதே, அது தெரிந்தால் துப்பாக்கி விளம்பரங்களை நீங்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடும்!

முதலில் குரூப்பை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். அட்டையில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளைத் தேடி, வெர்னியர் காலிப்பரை விரித்து அவற்றின் வெளி ஓரங்களுக்கு இடையே அளப்பார்கள். வருகிற அளவிலிருந்து ஒரு குண்டின் குறுக்களவைக் கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் கிடைக்கும். அதுதான் குரூப் அளவு. கவனித்தீர்களா? பத்துக் குண்டு சுட்டாலும் தீர்ப்பு சொல்வது அந்த இரண்டு ஓட்டைகள்தான். மீதி எட்டும் எங்கே விழுந்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை!

துல்லியத்தைச் சொல்ல ஷூட்டர்கள் பயன்படுத்தும் அலகு எம்.ஓ.ஏ. ஒரு டிகிரிக் கோணத்தை அறுபதாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ. அகலம். ‘எங்கள் துப்பாக்கி ஒரு எம்.ஓ.ஏ.க்குள் சுடும், உத்தரவாதம்’ என்று அமெரிக்காவில் பெரிய பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. பொடி எழுத்தைப் படியுங்கள். மூன்று குண்டு குரூப்!

மூன்றுக்கும் பத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இதோ. 100 மீட்டரில் குண்டுகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் 10 மி.மீ. திட்ட விலக்கத்தோடு சிதறும் ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று மூன்றாகச் சுட்டால் குரூப்பின் சராசரி 24 மி.மீ. ஐந்து ஐந்தாகச் சுட்டால் 31. பத்துக்கு 38. இருபதுக்கு 45! துப்பாக்கி அதேதான், தோட்டா அதேதான், சுடுகிறவரும் அவரேதான். மூன்று குண்டில் ஒரு எம்.ஓ.ஏ.க்குள் அடங்கிய துப்பாக்கி பத்துக் குண்டில் 1.3-க்குப் போய்விடுகிறது! யாரும் ஏமாற்றவில்லை. குண்டு கூடக் கூட, ஓரத்தில் ஒன்று விழும் வாய்ப்பும் கூடுகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை, மூன்று குண்டு குரூப்பே ஒன்றுபோல் ஒன்று வராது என்பது. இதே துப்பாக்கி ஒரு நேரம் 12 மி.மீ. காட்டும், அடுத்த அட்டையில் 38 காட்டும். 12 மி.மீ. அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்து, ஊரெல்லாம் காட்டுகிறவர்கள் எல்லா நாட்டு ரேஞ்சிலும் உண்டு. 38 மி.மீ. அட்டை குப்பைக்கூடைக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் அந்தக் குப்பைக்கூடையில்தான் துப்பாக்கியின் உண்மையான ஜாதகம் கிடக்கிறது!

உலகத்திலேயே சிறிய குரூப் எவ்வளவு தெரியுமா? மேசைமேல் துப்பாக்கியை மணல்மூட்டையில் கிடத்திச் சுடும் ‘பெஞ்ச்ரெஸ்ட்’ போட்டியில், 1973-இல் அமெரிக்கரான மேக் மெக்மில்லன் 100 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டார். குரூப் அளவு 0.009 அங்குலம்! மி.மீ. கணக்கில் 0.23. ஐந்து ஓட்டைகளும் ஒரே ஓட்டைதான்! நாற்பது ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாத அந்தச் சாதனையை 2013-இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலத்தில் முறியடித்தார். ஆனால் அந்தப் போட்டிகளிலேயே வெற்றியாளரை முடிவு செய்வது ஒற்றைக் குரூப் அல்ல. ஐந்து குரூப்புகளின் சராசரி! ஒரு குரூப்பை நம்பக் கூடாது என்று உலகத்தின் மிகத் துல்லியமான துப்பாக்கிக்காரர்களே விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு குண்டு இடது பக்கம் போனதும் குறிபார்க்கும் சைட்டை வலது பக்கம் திருப்புகிற பழக்கம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. அது என்ன செய்யும் தெரியுமா? தரக் கட்டுப்பாட்டு மேதை எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டுகளையும் வைத்து இதை மேடை மேடையாகச் செய்து காட்டினார். ஒவ்வொரு குண்டும் எவ்வளவு விலகியதோ அவ்வளவுக்குச் சைட்டைத் திருப்பிக்கொண்டே போனால் சிதறல் குறையாது, 41 சதவீதம் அதிகமாகும்! கை வைக்காமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். ஐந்து பத்துக் குண்டு சுட்டு, குரூப்பின் நடுவைப் பார்த்து, பிறகு ஒரே ஒரு முறை திருப்ப வேண்டும்.

விலை உயர்ந்த துப்பாக்கி வாங்கினால் குரூப் சுருங்குமா? இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. துப்பாக்கியின் சிதறல் 20 மி.மீ., சுடுகிறவரின் கை ஆட்டத்தால் வரும் சிதறல் 40 மி.மீ. என்று வையுங்கள். மொத்தம் 60 இல்லை, 45-தான்! சிதறல்களை அப்படியே கூட்டக் கூடாது; வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இப்போது லட்சக்கணக்கில் கொட்டி, 10 மி.மீ. சிதறும் துப்பாக்கியை வாங்குகிறார். மொத்தச் சிதறல் எவ்வளவு? 41. குறைந்தது நான்கே மில்லிமீட்டர்! அதே ஆள் பழைய துப்பாக்கியோடு பயிற்சி செய்து தன் ஆட்டத்தை 20 ஆக்கியிருந்தால்? 28! பணத்தைக் கடையில் கொடுப்பதற்குமுன் பயிற்சியாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது! அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். யாருடைய துப்பாக்கியால் தெரியுமா? இரவல் துப்பாக்கியால்! அவருடையதை யாரோ சில மாதங்களுக்கு முன்பு சேதப்படுத்தியிருந்தார்கள்.

அதே எம்மன்ஸுக்கு அதே ஒலிம்பிக்கில் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். மூன்று நிலைப் போட்டியில் மூன்று புள்ளி முன்னிலை. பாக்கி ஒரே ஒரு குண்டு. எட்டு அடித்தாலே தங்கம். நிதானமாகக் குறி பார்த்தார், அருமையாகச் சுட்டார். திரையில் எண்ணே வரவில்லை! பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டிருந்தார். பூஜ்யம். எட்டாவது இடம். இதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பு, 1874-இல், நியூயார்க் அருகே கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதியபோதும் இதேதான் நடந்தது. அயர்லாந்து வீரர் மில்னர் நடுப்புள்ளியில் அடித்தார், வேறொரு இலக்கின் நடுப்புள்ளியில்! அதற்கு நான்கு புள்ளி கிடைத்திருக்கும். அயர்லாந்து தோற்றது மூன்று புள்ளியில், 934-க்கு 931! எந்த எம்.ஓ.ஏ. உத்தரவாதமும் இதற்கு உதவாது.

தோட்டாவையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை; ஆனால் ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியில், சுருங்கும் குரூப் அடுத்த லாட்டில் விரிந்துவிடும். அதனால்தான் எலீ, லபுவா போன்ற நிறுவனங்கள் 50 மீட்டர் சோதனைத் தளங்களே கட்டி வைத்திருக்கின்றன. வீரர் தன் துப்பாக்கியைக் கொண்டுபோகிறார். அதை இடுக்கியில் இறுக்கிக் கட்டுகிறார்கள். தோள் இல்லை, மூச்சு இல்லை, நாடித்துடிப்பு இல்லை. துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும். ஒரு லாட்டில் பத்துப் பத்தாகச் சுட்டு, திரையில் குரூப் அளவு வந்ததும் அடுத்த லாட். எதில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அந்த லாட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அது தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து!

50 மீட்டர் போட்டியில் சுடும் .22 தோட்டா வேகமாகப் போனால் காற்றில் குறைவாகத்தானே விலகும்? இல்லவே இல்லை, அதிகம் விலகும்! காற்று தள்ளுகிற தூரத்தை முடிவு செய்வது குண்டு பறந்த நேரம் அல்ல, காற்றின் தடையால் அது வழியில் இழந்த நேரம். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டை அந்தத் தடை வெகுவாக இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் ஒலிம்பிக் வீரர்கள் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே போகும் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதயத் துடிப்புகூடக் குழலை அசைக்கும். துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளுக்குத் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளில் மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியப் பிஸ்டல் வீரர் கிம் ஜோங் சு இதனால்தான் வெள்ளி, வெண்கலம் இரண்டையும் பறிகொடுத்தார்.

அதே பெய்ஜிங், ஆகஸ்ட் 11. இந்தியாவுக்கு ஒலிம்பிக் தனிநபர் பிரிவில் அதுவரை ஒரு தங்கம்கூடக் கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 596 எடுத்து நான்காவதாக வந்திருந்தார் அபினவ் பிந்த்ரா. முன்னால் மூன்று பேர். இறுதிச் சுற்றில் பத்துக் குண்டுகள். அவர் சுட்டதை வரிசையாகப் பாருங்கள்: 10.7, 10.3, 10.4, 10.5, 10.5, 10.5, 10.6, 10.0, 10.2. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் அவரும் சரிசமம்! ஹாக்கினன் சுட்டது 9.7, வெண்கலத்துக்கு இறங்கினார். பிந்த்ரா சுட்டது 10.8, தங்கம்! பத்துக்குப் பத்தும் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள்! அந்தப் பத்தில் அவருடைய மிக மோசமான குண்டே 10.0.