இடுப்பு வலியும் எக்ஸ்-ரே படமும்

"இடுப்பு வலிக்கிறது" என்று நம் வீட்டுப் பெரியவர் கூறுகிறார். அச்சொல்லால் அவர் குறிப்பது வேட்டியோ சேலையோ கட்டும் இடமாக இருக்கலாம், முதுகின் அடிப்பகுதியாக இருக்கலாம், பிட்டமாக இருக்கலாம், தொடை உடலோடு பொருந்தும் மூட்டாகவும் இருக்கலாம். பேச்சு வழக்கில் இவை நான்கிற்கும் 'இடுப்பு' என்ற ஒரு சொல்லையே நாம் ஆள்கிறோம். தமிழகத்தில் இருந்தால் மருத்துவர் தமிழிலேயே இரண்டு கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்வார். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கோ இடையில் மொழிபெயர்ப்பு ஒன்று வந்து நுழைகிறது.

தில்லியில் மகன் அதனைக் 'கமர்' என்று இந்தியில் எடுத்துரைக்கிறான். கொல்கத்தாவில் அது 'கோமர்' ஆகிறது. மும்பையில், நம் கவிச்சக்கரவர்த்தியின் பெயர்போல் ஒலிக்கும் 'கம்பர்' என்ற மராத்திச் சொல்லாகிறது. இம்மூன்றும் அரையைச் சுற்றிய பகுதியையும் முதுகின் அடியையும் குறிப்பன. தொடை மூட்டைக் குறிப்பன அல்ல. இந்தியில் அம்மூட்டிற்குக் 'கூல்ஹா' என்று பெயர். 'கமர்' என்ற சொல்லைக் கேட்ட மருத்துவர் முதுகெலும்பைப் படம் எடுத்து வரச் சொல்கிறார். அறுபதைக் கடந்தவரின் முதுகெலும்பில் தேய்மானம் தெரியாத படம் அரிது. ஆகவே, அதற்கு மருத்துவம் தொடங்கிவிடுகிறது. உண்மையில் நோயுற்ற மூட்டு கவனிப்பாரின்றி மாதக்கணக்கில் கிடக்கிறது. இந்நிலை நம் குடும்பங்களுக்கு நேராதிருக்க, இடுப்பு மூட்டைப் பற்றியும் அதன் எக்ஸ்-ரே படத்தைப் பற்றியும் சில செய்திகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

வலி எங்கே?

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஓர் உருண்டையும் ஆகும். இடுப்பெலும்பில் கிண்ணம்; தொடை எலும்பின் தலையே உருண்டை. இரண்டின்மீதும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது, நம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்குச் சுமை அம்மூட்டின்மேல் விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 150 கிலோவாகும். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் ஏதேனும் ஒரு மூட்டு இச்சுமையைத் தாங்கவேண்டியிருக்கிறது.

இம்மூட்டு நோயுற்றால் வலி பெரும்பாலும் முன்புறத்தில், தொடையிடுக்கில் தோன்றும். தொடை வழியே முழங்கால்வரை இறங்குவதும் உண்டு. முழங்காலே வலிப்பதாக எண்ணி அதனையே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாரும் உளர். வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், கட்டைவிரல் பின்புறமும் மற்ற விரல்கள் தொடையிடுக்கிலும் படுமாறு இடுப்பின் பக்கத்தைக் கையால் கவ்விக் காட்டுவர் பலர். சம்மணமிட்டு அமர்வதும், கால் நகம் வெட்டுவதும், குனிந்து கோலமிடுவதும் கடினமாகும்.

முதுகிலிருந்து பிட்டம் வழியாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்திற்கும் மின்னலெனப் பாயும் வலி பெரும்பாலும் முதுகெலும்பு நரம்பைச் சார்ந்தது. அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் இடுப்பின் வெளிப்புறம் வலிக்குமாயின், அது பெரும்பாலும் அங்குள்ள தசைநாண்களின் நோவே, மூட்டின் குற்றமன்று.

படம் காட்டுவது என்ன?

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்கள் எலும்பை நன்கு காட்டுவன, குருத்தெலும்பைக் காட்டமாட்டா. படத்தில் உருண்டைக்கும் கிண்ணத்திற்கும் நடுவே கரிய இடைவெளியாகத் தோன்றுவது வெற்றிடம் அன்று. கண்ணுக்குப் புலப்படாத குருத்தெலும்பு இருக்கும் இடம் அது. இடைவெளி குறுகினால் குருத்தெலும்பு தேய்ந்தது என்று மருத்துவர் உய்த்துணர்கிறார்.

எக்ஸ்-ரே அறிக்கையில் அடிக்கடி காணப்படும் சொற்கள் நான்கு. 'ஜாயிண்ட் ஸ்பேஸ் நேரோயிங்' என்பது மேற்சொன்ன இடைவெளி குறுகுதல். 'ஆஸ்டியோஃபைட்' என்பது மூட்டின் ஓரத்தில் முளைக்கும் எலும்பு முளை. 'ஸ்கிளீரோசிஸ்' என்பது குருத்தெலும்பை அடுத்த எலும்பு இறுகி வெண்மை மிகுந்து தோன்றுதல். 'சிஸ்ட்' என்பது அவ்வெலும்பினுள் தோன்றும் சிறு குழி. இந்நான்கும் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள். 1957ஆம் ஆண்டில் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தனர். 'கிரேடு 2', 'கிரேடு 3' என்று அறிக்கைகளில் எழுதுவது பெரும்பாலும் இம்முறையைப் பின்பற்றியே.

இத்தரம் படத்திற்கு இடப்பட்டதே அன்றி, நோயாளியின் துன்பத்திற்கு இடப்பட்டதன்று. 2015ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் வெளிவந்த ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தாரை ஆராய்ந்தபோது, அடிக்கடி வலிக்கும் இடுப்புகளில் நூற்றுக்கு 16இல் மட்டுமே படத்தில் தேய்மானம் காணப்பட்டது. படத்தில் தேய்மானம் தெரிந்த இடுப்புகளிலோ நூற்றுக்கு 21 மட்டுமே அடிக்கடி வலித்தன. எனவே, 'தேய்மானம்' என்ற ஒரு சொல்லைக் கண்டு அஞ்சி, உடனே அறுவை மருத்துவத்திற்கு நாள் குறிக்க வேண்டுவதில்லை. மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்து, காலை மடக்கியும் உட்புறமாகத் திருப்பியும் பார்த்து, அவ்வசைவில் அதே வலி எழுகிறதா என்று சோதித்த பின்னரே படம் பொருள் பெறுகிறது.

படம் காட்டாதது என்ன?

இதனினும் கவனிக்கத்தக்கது மற்றொன்று. 'நார்மல்' என்று அறிக்கை வந்தால் நோயே இல்லை என்று வீட்டார் முடிவு செய்துவிடுகின்றனர். நோயாளி வீணாக முனகுகிறார் என்றுகூட நினைக்கின்றனர். இம்முடிவு சில வேளைகளில் பெருங்கேடாய் முடியும்.

தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றினால் அவ்வெலும்பு உள்ளேயே நசிந்து போகிறது. இதனை 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்', சுருக்கமாக 'ஏ.வி.என்.' என்பர். நம் நாட்டில் முப்பது நாற்பது வயதினரையும் இது வருத்துகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர், மிகுதியாக மது அருந்துபவர், இடுப்பில் பலத்த அடிபட்டவர், சிக்கில் செல் என்னும் இரத்த நோயுடையவர் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி. கோவிட் நோய்க்கு ஸ்டீராய்டு பெற்றுத் தேறிய சிலருக்கு இது தோன்றியதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். தொடக்க நிலையில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. படமே காட்டிக்கொடுக்கும். உருண்டை நொறுங்குமுன் கண்டறிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைத் தணிக்கும் சிறு அறுவையால் சிலருக்கு மூட்டைக் காத்துக்கொள்ள இயலும். நொறுங்கிய பின் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. மூட்டு வலிக்கென்று விலாசமில்லாத பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி உண்பது இதனாலும் தீது. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருப்பதுண்டு.

முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஊன்ற இயலாதிருந்தால், முதற்படத்தில் முறிவு தெரியாவிடினும் அமைதியடைந்துவிடலாகாது. மயிரிழை முறிவு படத்திற்குத் தப்பக்கூடும். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று அன்றே கேட்க வேண்டும். காய்ச்சலோடு கூடிய கடும் வலி, உடல் மெலிவோடு கூடிய இராவலி ஆகியவையும் காத்திருக்கத் தக்கவை அல்ல. இடுப்பு மூட்டில் காசநோய் நம் நாட்டில் இன்றும் காணப்படுகிறது. தக்க காலத்தில் அறிந்தால் மருந்தாலேயே பெரும்பாலும் குணமாகக்கூடியது. நொண்டி நடக்கும் குழந்தை முழங்கால் வலிப்பதாகச் சொன்னாலும், இடுப்பையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மருத்துவ முறைகள்

தேய்மானத்தால் வந்த வலிக்கு முதல் மருந்து உடற்பயிற்சியே. இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற்றால் மூட்டின் துன்பம் குறையும். பயிற்சியாளரிடம் முறையாகக் கற்று, இரண்டு மூன்று மாதம் இடைவிடாது செய்தாலன்றிப் பயன் தெரியாது. உடல் எடை மிகுந்தவர் அதனைக் குறைப்பது அடுத்தது. மூன்றாவது கைத்தடி. முதுமை வந்துவிட்டதெனப் பிறர் நினைப்பரோ என்று கூசி அதனை விலக்குகிறோம். பிடிப்பவரும் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடிக்கின்றனர். வலக்கால் மூட்டு வலித்தால் இடக்கையில் தடி இருத்தல் வேண்டும். அப்போதுதான் மூட்டின் சுமை பெரிதும் இறங்கும்.

வலி நீக்கும் மாத்திரைகள் சில நாளைக்கு உதவுவன. ஆனால், கடைக்காரரைக் கேட்டு மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளையக்கூடும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையவர் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மூட்டினுள் இடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள் வலியைத் தணிக்கும், தேய்ந்ததை வளர்க்காது. அறுவைக்கு முந்திய மூன்று மாதத்தில் அதனைத் தவிர்ப்பது நன்று. இல்லையேல் மூட்டில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும்.

இவ்வளவும் செய்தும் வலி உறக்கத்தைக் கெடுத்து, நடக்கும் தொலைவு நாளுக்கு நாள் சுருங்கி, தன் வேலையைத் தான் செய்துகொள்ள இயலாத நிலை வருமாயின், மூட்டு மாற்று அறுவையைப் பற்றி எண்ணலாம். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், உலோக உருண்டையையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் பொருத்தி இதற்கு உறுதியான அடிகோலினார். அப்படிப் பொருத்தியவற்றுள் நூற்றுக்கு 58 இருபத்தைந்து ஆண்டுகள் நீடிப்பதாக 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் அறுவை முடிந்த ஓரிரு நாளில் துணையோடு எழுந்து நடக்கின்றனர். எனினும் சீழ் பிடித்தல், கால் நாளத்தில் இரத்தம் உறைதல், பொருத்திய மூட்டு நழுவுதல், கால் நீளம் சற்று மாறுதல் ஆகிய இடர்கள் சிலருக்கு நேர்வதுண்டு. தரையில் அமர்தல், குந்துதல், தாழ்ந்த கழிப்பறை ஆகியவை தமக்கு எப்போது ஏற்கும், ஏற்குமா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெளிக. தரையில் அமர்ந்து பூஜை செய்து பழகியவருக்கு இது சிறிய செய்தியன்று.

நாம் செய்யத்தக்கவை

மருத்துவரிடம் செல்லும்போது மொழியை மட்டும் நம்பவேண்டா. வலிக்கும் இடத்தை நோயாளியே விரலால் தொட்டுக் காட்டட்டும். எத்தனை நாளாக, எந்த அசைவில், எவ்வளவு தூரம் நடந்தால் வலிக்கிறது என்பதையும், உட்கொண்ட மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் குறித்துச் செல்க. இடுப்பு மூட்டுக்கான படம் இரு பக்கமும் ஒருசேரத் தெரியும்படி எடுப்பது வழக்கம். நல்ல பக்கத்தோடு நோயுற்ற பக்கத்தை ஒப்பிட அது உதவும். பழைய படங்களைத் தேதி வாரியாகப் பேணுக. கைப்பேசியில் பிடித்த நிழலைவிட, மருத்துவமனை தரும் மூலப் படமே தெளிவானது. கருவுற்ற பெண்கள் படம் எடுக்குமுன் அதனைத் தவறாது தெரிவித்தல் வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் சி.ஜி.எச்.எஸ்., தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. ஆகிய திட்டங்கள் உண்டு. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் எழுபது வயது நிரம்பியோருக்கு, வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. தாம் நாடும் மருத்துவமனை எத்திட்டத்தில் சேர்ந்துள்ளது என்று முன்னரே விசாரித்துக்கொள்க.

"கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அறுவையை ஊரில் செய்துகொள்ள விரும்புவது இயல்பே. அங்கே உறவினர் துணை உண்டு, தமிழில் பேசலாம். ஆயின், நோயைக் கண்டறிவதற்கு விடுமுறைவரை காத்திருக்கலாகாது. இங்கேயே கண்டறிந்து, எங்கே மருத்துவம் செய்வது, பின்னர் ஆறு வாரம் உடனிருப்பவர் யார், இரயில் பயணம் எப்போது கூடும் என்பவற்றை அதன்பின் ஆராய்ந்து முடிவு செய்யலாம்.

வேற்றூரில் மொழி அறியாத பெரியவர்கள் தம் வலியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர். மாடிப்படி இறங்குவதை நிறுத்துகின்றனர்; பிறகு கோயிலுக்கும் சங்க நிகழ்ச்சிகளுக்கும் வருவதை நிறுத்துகின்றனர். "வயதாகிவிட்டது" என்று நாமும் இருந்துவிடுகிறோம். அவர்கள் எப்போது நடையைக் குறைத்தார்கள், எதனால் குறைத்தார்கள் என்று ஒரு நாள் அருகமர்ந்து கேட்போமாக. மருத்துவர் அறிய விரும்பும் செய்தியிற் பெரும்பகுதி அவ்விடையிலேயே கிடைத்துவிடும்.