யுரேனியக் கழிவுக்குக் காட்டாமணக்கு காவல்... ரகசியம் வேரில்!

மதுரைப் பக்கக் கண்மாய்களில் இளஞ்சிவப்புப் பூவோடு மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைப் பார்த்திருப்பீர்கள். ஆடு, மாடு பெரும்பாலும் வாய் வைக்காது. விவசாயிகளுக்கு அது வெறும் தொல்லை. ஆனால் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் அதே செடிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: யுரேனியக் கழிவைக் காவல் காப்பது.

அங்கே 1967-ல் சுரங்கம் தொடங்கியது. 100 கிலோ பாறையை அரைத்தால் 100 கிராம் யுரேனியம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் மாவு போன்ற கழிவு. யுரேனியத்தைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் என்ன பயம்? தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85% அந்தக் கழிவிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். காய்ந்தால் தூசி பறக்கும், மழை பெய்தால் அரித்து ஓடும். கழிவுக் குட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஆதிவாசி கிராமங்கள்.

நிரம்பிய குட்டைகள் மேல் யுசிஐஎல் நிறுவனம் சுமார் 30 செ.மீ. மண் போட்டு, நாணல், சம்பு, காட்டாமணக்கு போன்றவற்றை வளர்க்கிறது. இவற்றின் வேர் மேலாகவே படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பறித்துச் சாப்பிட ஒன்றும் இல்லை, மாடும் மேய வராது.

நல்ல நிழல் மரமாக நட்டால் என்ன? ஆழமான வேர் மண்மூடியைத் துளைத்துக் கழிவுக்குள் இறங்கிவிடும். அது உறிஞ்சியது இலைக்கு ஏறி, இலை உதிரும்போது மேல்மண்ணுக்கு வந்துவிடும். இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் ஒரு முள்செடி ஸ்ட்ரான்சியம்-90-ஐ உறிஞ்சி, காய்ந்து, காற்றில் உருண்டு போனது. அப்படி உருளும் செடிகளைத் தேடிப் பிடிப்பதே அங்கே தனி வேலை.

ஆழ வேர் என்றால் மதுரைக்காரர்களுக்குச் சீமைக் கருவேலம்தான் ஞாபகம் வரும். அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட்டது. அதே இன மரம் ஒன்றின் வேரை அரிசோனா சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். அதுக்கு 30 செ.மீ. எல்லாம் எம்மாத்திரம்? இத்தகைய மரங்களை யாரும் நட வேண்டாம், விதை வந்து விழுந்தாலே போதும்.

இன்னொரு விஷயம், செடி தூசியைத்தான் அடக்கும். ரேடியத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அடக்க மூடியின் கனம்தான் முக்கியம். அமெரிக்க விதிப்படி இப்படியான மூடி, முடிந்தவரை 1,000 ஆண்டுகள், குறைந்தது 200 ஆண்டுகள் தாங்க வேண்டும். ஜாதுகுடா சுரங்கத்துக்கோ இன்னும் சுமார் 60 வயதுதான் ஆகிறது. அங்கே தானாக முளைக்கும் மரக்கன்றுகளை அத்தனை காலமும் யாராவது பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.