உருட்டிப் பார்த்தால் மட்டும் போதாது
இன்லைன் ஸ்கேட்ஸ் கொள்முதலில் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் மளிகைக் கடைகளின் வாசலில் கிரிக்கெட் மட்டையும் ரப்பர் பந்தும் இறகுப்பந்து மட்டையும் தொங்குவது பழைய வழக்கம். இப்போது அவற்றுக்குப் பக்கத்தில் சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த காலணியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்லைன் ஸ்கேட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் "ஸ்கேட்டிங் ஷூ" என்றுதான் கேட்கிறார்கள்.

"அரிசி பருப்பு விற்கிறவனுக்கு இந்தச் சரக்கு எதற்கு?" என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்டு வருகிறவர்கள் இருக்கும்போது சரக்கு வைப்பதுதான் வியாபாரம். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் வெண்கலம் வாங்கின. இரண்டு அணிகளிலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கமே வாங்கினார். செய்தியைப் பார்த்த பிள்ளை வீட்டில் கேட்கிறது. தகப்பனார் நம் கடைக்கு வருகிறார்.

ஆனால் இது பந்து மட்டை போன்ற சரக்கு அல்ல. பந்து கிழிந்தால் பத்து, இருபது ரூபாயோடு போகும். ஸ்கேட்டில் ஒரு சக்கரம் கழன்றால் பிள்ளையின் கை முறியும். கணக்கையும் பாருங்கள். 900 ரூபாய்க்கு வாங்கிய ஜோடியை 1000 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பழுதாகித் திரும்பி வந்து, கம்பெனிக்காரனும் கைவிட்டுவிட்டால், நல்லபடியாக விற்ற 9 ஜோடிகளின் லாபம் அதிலேயே போய்விடும். அந்த வீட்டார் மாதச் சாமான் வாங்குவதையும் நிறுத்திவிட்டால் நஷ்டம் இன்னும் பெரிது.

பழைய சரக்கின் புது வடிவம்

ஒரே வரிசைச் சக்கரம் புதிய யோசனை அல்ல. 1819-லேயே பாரிஸில் பெத்திப்ளே என்பவர் இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். 1863-ல் அமெரிக்காவின் பிளிம்ப்டன் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று சக்கரம் வைத்த பிறகு அதுவே உலகெங்கும் பரவியது. நம் ஊரில் வெகுகாலம் விற்றதும், செருப்புக்கு மேல் வாரால் கட்டும் அந்த இரும்பு ஸ்கேட்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஸ்காட் ஓல்சன் ஒற்றை வரிசையைத் திரும்பக் கொண்டுவந்து ரோலர்பிளேடு என்ற பெயரில் விற்றார். 1990-களில் அது பெரிய வியாபாரமாயிற்று.

இரும்பு ஸ்கேட்டில் பார்த்து வாங்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. புதிய வகையில் காலணி, சட்டம், சக்கரம், பேரிங், பக்கிள் என்று ஐந்தாறு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டமானாலும் முழு ஜோடியும் வீண். இந்தக் கரையில் முத்து வியாபாரம் நடந்த காலத்தில் பளபளப்பை மட்டும் பார்த்து யாரும் விலை சொன்னதில்லை. பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்து, பிறகு உருவம், நிறம், எடை என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் விலை வைத்தார்கள். இந்தச் சரக்கையும் அப்படித்தான் பாகம் பாகமாகப் பார்க்க வேண்டும்.

காலணி

முதலில் கணுக்காலைப் பிடிக்கும் மேல்பகுதியைப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து உள்பக்கமாக அழுத்துங்கள். தாள் போல மடங்கினால் அந்த ஜோடி வேண்டாம். பிள்ளை நிற்கும்போது கணுக்கால் உள்ளே சரிந்து, சக்கரமும் ஒரு பக்கமாகத் தேயும்.

பக்கிளை 20, 30 தடவை பூட்டித் திறந்து பாருங்கள். பல் வழுக்கினால் ஒரு மாதம் தாங்காது. நாடா, நடுவில் ஒட்டுவார், மேலே பக்கிள் என்று மூன்று கட்டு உள்ள காலணி பாதத்தை நன்றாகப் பிடிக்கும்.

பிள்ளை வளர வளர நீளம் கூட்டும் வகைக்கு நல்ல கேட்பு இருக்கிறது. அதில் பலவீனமான இடம் நழுவும் மூட்டு. முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கடகடவென ஆடினால் தள்ளிவிடுங்கள்.

சைஸ் எண்ணை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது. உள்ளே குச்சியை விட்டு நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். "சைஸ் சரியில்லை" என்று திரும்பி வருவது பெருமளவு குறையும்.

சட்டமும் சக்கரமும்

சக்கரங்களைத் தாங்கும் சட்டம் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, அலுமினியத்திலும் வருகிறது. சிறு பிள்ளைகளுக்குக் கனமான பிளாஸ்டிக் போதும். எடை கூடிய பையன்களுக்கு அலுமினியமே நல்லது. கண்ணாடி மேசைமேல் ஸ்கேட்டை வைத்துப் பாருங்கள். சாதாரண ரகத்தில் நான்கு சக்கரமும் மேசையைத் தொட வேண்டும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நான்கும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். சட்டம் காலணியோடு ரிவெட்டால் அடிக்கப்பட்டிருக்கிறதா, போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். போல்ட் என்றால் பிறகு மாற்றலாம். ரிவெட் ஆடிவிட்டால் ஸ்கேட்டின் ஆயுள் முடிந்தது.

எடைக்கு ஒரு விதி உண்டு. ஐரோப்பாவில் இன்லைன் ஸ்கேட்டுக்கென்று உள்ள இ.என். 13843 தர விதியில் இரண்டு வகுப்புகள். ஏ வகுப்பு 100 கிலோ வரை உள்ளவர்களுக்கு; பி வகுப்பு 60 கிலோ வரை உள்ளவர்களுக்கு. பெட்டியில் இது அச்சிட்டிருந்தால் வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கலாம். பி வகுப்பு ஸ்கேட்டை 70 கிலோ கல்லூரி மாணவருக்குக் கொடுத்துவிட்டு, உடைந்தபின் சரக்கைக் குறை சொல்லக் கூடாது.

சக்கரம் பி.வி.சி.யா, பாலியூரித்தேனா என்பதில்தான் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரு சக்கரத்தைக் கழற்றி இடுப்பளவு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். பாலியூரித்தேன் துள்ளி எழும், பி.வி.சி. செத்த விழுகை விழும். பி.வி.சி. வழவழப்பான தரையில் வழுக்கும், சொரசொரப்பான ரோட்டில் துண்டு துண்டாகப் பெயரும். சக்கரத்தின் பக்கத்தில் 76, 82 ஏ என்பது போல அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் மில்லிமீட்டரில் விட்டம், இரண்டாவது கடினம். கடினம் ஏறக்குறைய 78 முதல் 85 வரை இருக்கும். எண் கூடினால் ரப்பர் இறுகும். தேய்மானம் குறையும், அதிர்வு கூடும். ஒன்றுமே அச்சிடாத சக்கரத்துக்கு நல்ல விலை கொடுக்க வேண்டியதில்லை.

பேரிங்: ஏமாறும் இடம்

விற்பனைப் பிரதிநிதி நம் முன்னால் சக்கரத்தைச் சுண்டிவிடுவார். அது வெகுநேரம் சுற்றும். "பார்த்தீர்களா அண்ணாச்சி, எவ்வளவு நைஸ்!" என்பார். இதில் மயங்கக் கூடாது. கிரீஸ் இல்லாத வறண்ட பேரிங்தான் கையில் சுண்டினால் அதிக நேரம் சுற்றும். நன்றாகக் கிரீஸ் அடைத்த புதுப் பேரிங் சீக்கிரமே நிற்கும்; ஆனால் ரோட்டில் அதுதான் நீடித்து உழைக்கும். ஆகவே சக்கரத்தைச் சுற்றுவதைவிடப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மெதுவாகத் திருப்பும்போது மணல் அரைவது போன்ற சத்தம் கேட்கக் கூடாது.

ஏ.பி.இ.சி. 5, 7, 9 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது அமெரிக்கப் பேரிங் தயாரிப்பாளர்களின் அளவு. பேரிங் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எஃகின் தரத்தையோ, துருப்பிடிக்காமையையோ, ஆயுளையோ சொல்லாது. எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

ஒரு நல்ல விஷயம், ஸ்கேட்டில் வருவது பெரும்பாலும் 608 என்ற எண்ணுள்ள பேரிங். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். இதே பேரிங் சிறு மோட்டார்களிலும் வருவதால் பேரிங் கடைகளில் கிடைக்கும். வேறு அளவு பேரிங் போட்ட ஜோடியை வாங்கினால் பிறகு மாற்று கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கும்.

நம் கடற்காற்று

உள்நாட்டு வியாபாரிக்கு இல்லாத ஒரு தொல்லை தூத்துக்குடியில் நமக்கு உண்டு. உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊர். சைக்கிள் ரிம்மையும் ஷட்டர் கீலையும் அரிக்கும் காற்று ஸ்கேட்டை மட்டும் விட்டுவிடாது.

நாங்கள் இரண்டு மாதிரி ஜோடிகளை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் பெட்டியைத் திறந்தபடி குடோனில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் இருபுறமும் தகரமூடி போட்ட பேரிங். அதன்மேல் 608 இசட் இசட் என்று இருந்தது. மற்றொன்றில் ரப்பர்மூடி; 608 2 ஆர்.எஸ். என்று இருந்தது. தகரமூடிப் பேரிங்கில் விளிம்பெல்லாம் செந்துரு கட்டி, சக்கரம் கரகரத்தது. ரப்பர்மூடிக்குள் கிரீஸ் அப்படியே இருந்தது. இரண்டிலும் மட்டமான முலாம் பூசிய அச்சு போல்ட்டுகள் நிறம் மாறியிருந்தன. ஆகவே நம் ஊருக்கு ரப்பர்மூடி உள்ளதாகவே கேட்டு வாங்குவது நல்லது. முத்துநகர் கடற்கரைப் பக்கம் பிள்ளைகள் ஓட்டினால் மணலும் உள்ளே போகும். அதற்கும் ரப்பர்மூடியே காப்பு.

கடையில் வைக்கும்போது உப்பு மூட்டைக்கும் சோப்பு, சோடா அடுக்குக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். பாலித்தீன் உறையையும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் விற்கும்வரை எடுக்க வேண்டாம்.

கெடாத சரக்கு என்று நினைக்க வேண்டாம்

பருப்பு வண்டு விழும், எண்ணெய் சிக்கு அடிக்கும். பிளாஸ்டிக் காலணி எத்தனை வருஷம் கிடந்தால் என்ன என்று தோன்றும். அப்படி அல்ல. சில வகைப் பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்து, சில வருஷங்களில் உதிரத் தொடங்கும். ஒருநாள்கூடக் காலில் போடாத ஜோடியும் இப்படிக் கெடும். அஸ்பெஸ்டாஸ் கூரை வெக்கையில் பசையும் விட்டுப்போகும். "பழைய ஸ்டாக், பாதி விலை" என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் தயாரிப்பு மாதமும் வருஷமும் பாருங்கள். பழைய சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவை உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். குறைபாடுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அந்தப் பொருளைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவர் பொறுப்பாளி ஆகலாம். தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாடிக்கையாளரிடம் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே. பெயர் விலாசம் இல்லாத பெட்டியை மலிவாக வாங்கினால் தயாரிப்பாளரின் பொறுப்பையும் நாமே தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், விலாசம், எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருஷம், எம்.ஆர்.பி., புகார் சொல்லும் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பொம்மை என்று சொல்லி விற்கும் சிறு பிள்ளைச் சரக்குக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல் கொண்டுவந்தால் ஏன் இல்லை என்று பில்லோடு எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

காப்பும் சேர்த்து விற்போம்

விழும்போது பிள்ளை முதலில் ஊன்றுவது கையைத்தான். 1996-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், மணிக்கட்டுக் காப்பு அணியாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயத்தின் வாய்ப்பு 10 மடங்குக்கு மேல் கூடுதல் என்று கண்டார்கள். ஹெல்மெட், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளை ஸ்கேட்டின் பக்கத்திலேயே வைத்து, இரண்டும் சேர்ந்த விலையாகச் சொல்லுங்கள். நமக்கும் வரும்படி, பிள்ளைக்கும் பத்திரம்.

எப்படித் தொடங்குவது?

முதல் தடவை அரை டஜனுக்கு மேல் வாங்க வேண்டாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான, நீளம் கூட்டும் வகையாகப் பாருங்கள். அதோடு மாற்றுச் சக்கரம், குதிகால் பிரேக் ரப்பர், பக்கிள், அச்சு போல்ட் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். உதிரி தர முடியாதவர் சரக்கு தரவும் தகுதியில்லாதவர். பழுதுக்கு மாற்று எத்தனை நாளில் என்பதைக் கொள்முதல் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்கும்போது அச்சு போல்ட் எட்டையும் ஒருமுறை சாவியால் முடுக்கிக் கொடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அந்தச் சாவியையும் பெட்டியில் போட்டுக் கொடுத்து, "வாரம் ஒருமுறை முடுக்கிக்கோங்க, மணலில் ஓட்டினால் துடைத்து வையுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். இதைச் சொல்கிற கடைக்குத்தான் அந்த வீட்டார் அடுத்த மாதச் சாமானுக்கும் வருவார்கள்.