பட்டம் துறந்த பெருமகன்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் லென்ஸ்டர் மாளிகை என்னும் பெரியதொரு கல் மாளிகை உள்ளது. 1922 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அங்கேதான் கூடி வருகின்றது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அமர்ந்து சட்டம் இயற்றும் அம்மாளிகை, மக்களாட்சிக்கெனக் கட்டப்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டின் முதன்மையான பிரபுக் குடும்பம் ஒன்று, தன் செல்வமும் சீரும் விளங்குமாறு கட்டிக்கொண்ட இல்லம் அது. அக்குடும்பத்தில் தோன்றி, பிறப்பினால் வந்த பட்டம் தமக்கு வேண்டா என்று துறந்து, சிறையில் உயிர்நீத்த பெருமகனார் ஒருவர் உண்டு. அவரே எட்வர்டு பிட்ஜெரால்டு.

குடிப்பிறப்பு

பிட்ஜெரால்டு குடியினர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியப் படையுடன் அயர்லாந்திற்கு வந்தவர்கள். காலப்போக்கில் அவர்கள் அந்நாட்டவராகவே மாறினர். அக்குடியில் தோன்றிய தாமஸ் என்னும் இளைஞர் 1534 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். அதன் விளைவாக 1537 இல் அவரும் அவருடைய சிற்றப்பன்மார் ஐவரும் கொலைத்தண்டனை அடைந்தனர். அக்குடி மீண்டும் தலையெடுத்து, 1766 ஆம் ஆண்டில் லென்ஸ்டர் டியூக் என்னும் பட்டம் பெற்றது. டியூக் என்பது பிரபுக்களின் பட்டங்களுள் மிகவுயர்ந்ததாகும்.

முதலாம் லென்ஸ்டர் டியூக்கின் ஐந்தாம் மகனாக எட்வர்டு 1763 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15 ஆம் நாள் பிறந்தார். அன்னையார் எமிலி, இங்கிலாந்தின் ரிச்மண்டு டியூக்கின் மகளார். எட்வர்டு பத்து வயதினராய் இருந்தபோது தந்தையார் மறைந்தார். கைம்பெண்ணாகிய எமிலி, தம் மக்களுக்குப் பாடம் சொல்லி வந்த ஆசிரியர் வில்லியம் ஓகில்வியை 1774 இல் மணந்தார். சீமாட்டி ஒருத்தி பள்ளியாசிரியரை மணப்பதா என்று ஊர் வியந்தது. ஆயினும் எட்வர்டு அவ்வாசிரியரிடத்திலேயே கல்வி கற்றார். தந்தைக்குரிய அன்பை அவர்பால் செலுத்தினார். குலத்தினும் குணமே பெரிதென்னும் பாடத்தை அவர் முதலில் தம் வீட்டிலேயே கற்றார் எனலாம்.

போர்க்களத்தில் பெற்ற நண்பர்

அந்நாளைய வழக்கப்படி, பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே உரியன. இளைய மக்கள் படையிலோ சமயப் பணியிலோ சேர்வர். எட்வர்டு படையிற் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று பொருதார். 1781 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென் கரோலினாவில் யூட்டா ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் படுகாயமுற்று, நினைவிழந்து களத்திலே கிடந்தார். அடிமைத்தளையினின்று தப்பிய டோனி ஸ்மால் என்னும் கறுப்பர் அவரைக் கண்டார். தூக்கிச் சென்று தம் குடிசையிற் கிடத்திக் காயத்திற்கு மருந்திட்டுக் காத்தார்.

கிடந்தவர் டியூக்கின் மகன். எடுத்தவர் அடிமையாய் இருந்தவர். உயிர் பிழைத்த எட்வர்டு, டோனியைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். ஊதியம் பெற்ற பணியாளராகவும் நம்பிக்கைக்குரிய தோழராகவும் டோனி இறுதிவரை அவருடன் வாழ்ந்தார்.

1788 இல் எட்வர்டு மீண்டும் வட அமெரிக்கா சென்றார். நோவா ஸ்கோஷியாவில் குடியேறியிருந்த எளிய மக்கள், பெரியார் சிறியார் என்னும் வேறுபாடின்றித் தத்தம் கைகளால் உழைத்து வாழ்வதைக் கண்டார். அச்சமநிலை தமக்கு மிகவும் பிடித்திருப்பதாக அன்னையாருக்குக் கடிதம் எழுதினார்.

பாராளுமன்றத்தில்

இதற்கிடையே அவர் அரசியலிலும் புகுந்திருந்தார். 1783 இல் டியூக்காக விளங்கிய தமையனாரின் செல்வாக்கினால் ஏத்தி என்னும் தொகுதியின் உறுப்பினராயினார். 1790 இல் கில்டேர் மாவட்டத்தின் உறுப்பினராயினார். அக்காலத்து அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் நிலையை நாம் அறிதல் வேண்டும். நாட்டு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுள் ஒருவர்கூட அவ்வவையில் அமர இயலாது. பல தொகுதிகள் நிலக்கிழார் சிலரின் கைக்குள் அடங்கியிருந்தன. ஆட்சி நடத்தும் அரசப் பிரதிநிதியோ லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். இத்தகைய அவையில் நின்று, அரசப் பிரதிநிதியும் இவ்வவையின் பெரும்பான்மையோருமே மன்னருக்கு மிகக் கெட்ட குடிமக்கள் என்று எட்வர்டு 1793 இல் துணிந்து கூறினார். அவை கொதித்தெழுந்தது.

பட்டம் துறத்தல்

அதற்குச் சில திங்கள் முன்பு, 1792 இன் இறுதியில், அவர் பாரிஸ் நகரில் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சி மன்னராட்சியை ஒழித்திருந்த காலம் அது. மனித உரிமைகளைப் பற்றி நூலெழுதிய தாமஸ் பெயினுடன் அவர் தங்கியிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள் நடந்த விருந்தொன்றில், பரம்பரைப் பட்டங்களெல்லாம் ஒழிக என வாழ்த்துக் கூறிப் பலர் முன்னிலையில் தம் பட்டத்தைத் துறந்தார். செய்தி எட்டியதும் ஆங்கில அரசு, யாதொரு விசாரணையுமின்றி அவரைப் படையினின்று நீக்கியது. அடுத்த திங்களில் பமீலா என்னும் நங்கையை மணந்து தாயகம் திரும்பினார். அவர்களுக்கு மக்கள் மூவர் பிறந்தனர்.

புரட்சிப் பாதை

1791 இல் பெல்பாஸ்டு நகரில் ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் தோன்றியிருந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் எனும் பிரிவினை நீக்கி அனைவர்க்கும் உரிமை பெறுதலே அதன் நோக்கம். முதலில் அமைதி வழியிலேயே அது சீர்திருத்தம் வேண்டியது. அரசு அதனைத் தடை செய்த பின்னர், மறைவாக இயங்கும் புரட்சிச் சங்கமாயிற்று. 1796 அளவில் எட்வர்டு அதிற் சேர்ந்தார். படைப் பயிற்சி உடையவராதலின் அதன் தலைவர்களுள் ஒருவராயினார்.

1798 மார்ச்சுத் திங்கள் 12 ஆம் நாள், டப்ளினில் ஆலிவர் பாண்டு என்பவர் இல்லத்தில் கூடியிருந்த தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். எட்வர்டு அங்கு இல்லாமையால் தப்பினார். அப்பொழுதுதான் அவருக்கு உண்மையான சோதனை வந்தது. அமைச்சருள் வல்லவரான கிளேர் பிரபு, அவ்விளைஞரை எப்படியாவது நாட்டை விட்டு வெளியேற்றிவிடுமாறும், அவருக்காகத் துறைமுகங்கள் எல்லாம் திறந்து விடப்படுமெனவும் ஓகில்வியிடம் கூறியதாக வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். உழவர் மகனுக்கோ கைவினைஞர் மகனுக்கோ எந்தத் துறைமுகம் திறக்கும்? டியூக்கின் தம்பி என்பதாலன்றோ அவருக்கு அது திறந்தது! விருந்தில் துறந்த பட்டம், உயிர்காக்கும் துணையாக மீண்டும் அவர்முன் வந்து நின்றது. தம்மை நம்பியவர்களைச் சிறையில் விட்டுத் தாம் மட்டும் தப்பிச் செல்லுதல் தகாதென எண்ணி, எட்வர்டு அதனையும் மறுத்தார்.

இரண்டு திங்கள் மறைந்து வாழ்ந்தார். அந்நாட்களில் மூன்றாம் குழந்தை பிறந்தது. டோனியின் முகத்தை ஊரார் அனைவரும் அறிவராதலின், அவர் தம் தலைவரைச் சென்று காணவும் இயலாது வருந்தினார். அரசு, பிடித்துத் தருவோர்க்கு ஆயிரம் பவுன் பரிசென அறிவித்தது. மே 19 ஆம் நாள், தாமஸ் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சலுற்றுக் கிடந்த அவரைக் காவலர் வளைத்தனர். கைகலப்பில் எட்வர்டின் குறுவாளால் குத்துண்ட ரையன் என்னும் அதிகாரி, பின்னர் உயிரிழந்தார். எட்வர்டின் தோளில் குண்டு பாய்ந்தது.

இறுதி நாள்

சில நாட்களில் நாட்டில் கிளர்ச்சி மூண்டது. தலைவரிழந்த அக்கிளர்ச்சி பல்லாயிரவர் உயிரைக் கொண்டு, அவ்வாண்டிலேயே அடங்கியது. நியூகேட் சிறையில் எட்வர்டின் புண் சீழ்வைத்தது. உறவினர் அவரைக் காண அரசு இசையவில்லை. சிறிய தாயாராகிய லூயிசா சீமாட்டி மன்றாடிய பின்னர், கிளேர் பிரபு மனமிரங்கித் தம் வண்டியிலேயே அவரைச் சிறைக்கு அழைத்துச் சென்றார். சிறிய தாயாரும் உடன்பிறந்தாராகிய ஹென்றியும் இறுதியாக அவரைக் கண்டனர். சில மணி நேரத்தில், ஜூன் 4 ஆம் நாள், எட்வர்டு உயிர் நீத்தார். அவருக்கு வயது முப்பத்துநான்கு. விசாரணை நடைபெறாமலே, இறந்தவரைத் துரோகியெனத் தீர்த்து அவர் உடைமைகளைப் பறிக்கும் சட்டமொன்று நிறைவேறியது. பமீலா நாட்டை விட்டகன்றார். மக்களுள் இருவரைத் தந்தையின் உறவினர் வளர்த்தனர். 1819 இல் பாராளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது.

எட்வர்டு மேற்கொண்ட வழி குருதி சிந்திய வழி. அதன் துயரத்தை நாம் மறத்தலாகாது. ஆயினும் அவர் வாழ்வு நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. பட்டத்தை வாயால் துறத்தல் எளிது. பட்டத்தால் வரும் சலுகையைத் துன்பக் காலத்தில் துறத்தல் அரிது. அவ்வரிய செயலை அவர் செய்தார். அவர் குடும்பத்தார் பெருமைக்கெனக் கட்டிய மாளிகையில், இன்று உழவர் மகனும் தொழிலாளர் மகளும் மக்களின் வாக்குப் பெற்று அமரலாம். பிறப்பைக் கேட்டு அங்கு எவரையும் தடுப்பாரில்லை.